அப்பாவுக்கு வருவது மூல ரத்தம்தானா? குடல் பாலிப் பற்றி விரிவாக

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு 56 வயது. ஆறு மாதமாக அவ்வப்போது மலத்தோடு ரத்தம் வருகிறது. "உடம்பு சூடு, பழைய மூலம்தான்" என்று அவரே முடிவு செய்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறார், துத்தி இலையும் வதக்கிச் சாப்பிடுகிறார். போன மாதம் எடுத்த மாஸ்டர் செக்கப்பில் வயிற்று ஸ்கேன் நார்மல், ஹீமோகுளோபின் மட்டும் 10.2. அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது. இது குடலில் பாலிப்பாக இருக்குமா, அதற்கு என்ன அறிகுறி, எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதில்: அப்பாவுக்கு கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா உள்ள வளையும் குழாயை விட்டுப் பெருங்குடலை உள்ளே பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டும், இந்த மாதத்துக்குள். மற்றதெல்லாம் அதற்கான காரணம்தான். எண்டோஸ்கோபி அறையில் 17 வருடம் நர்ஸாக நின்றவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பாலிப் என்பது குடலின் உள்தோலில் வளரும் சிறு சதை. அந்த உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதில் கணக்குத் தவறி ஓரிடத்தில் செல்கள் கூடிக்கொண்டே போனால் அது மேடாகி வருகிறது. சிலது காம்பும் தலையுமாகக் காளான் மாதிரி நிற்கும், சிலது தோசை மாவு சிந்திக் காய்ந்த மாதிரி தட்டையாக ஒட்டிக் கிடக்கும். தட்டையாகக் கிடப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், அதன் மேல் மெல்லிய சளிப்படலம் வேறு மூடியிருந்தால் அனுபவமுள்ள டாக்டருக்கே கண் தப்பிப் போகும்.

எல்லா பாலிப்பும் புற்றாகாது, இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டில் பாலிப் என்ற வார்த்தையைப் பார்த்ததும் வீடே இடிந்து உட்கார்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மலக்குடல் பக்கம் இருக்கும் குட்டி ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்புகளால் பெரும்பாலும் தொந்தரவே கிடையாது. கவனிக்க வேண்டியது சுரப்பி செல்களிலிருந்து வளரும் அடினோமா வகை, அப்புறம் ரம்பப்பல் அமைப்புள்ள செரேட்டட் வகை. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் தொடங்கியிருக்கும். ஆனால் ஒரு சிறு அடினோமா புற்றாக மாற பொதுவாகப் பத்து வருடம் போல எடுக்கும், மாறுவதும் அவற்றில் கொஞ்சம்தான். 5 மி.மீ.க்குக் கீழே இருந்தால் புற்று இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, 10 மி.மீ. தாண்டினால் டாக்டர்கள் அதை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். அந்தப் பத்து வருட அவகாசம் நமக்குக் கிடைத்த பெரிய வரம். நெஞ்சுவலியோ பக்கவாதமோ இப்படி நேரம் கொடுப்பதில்லை.

சரி, அறிகுறிகள். இங்கேதான் பலருக்கும் பிடிக்காத உண்மை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: பாலிப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பாலிப்பை வெட்டி எடுக்கும்போது நோயாளிக்கு வலிக்காது, குடலின் உள்தோலில் நம் மேல்தோல் மாதிரி வெட்டு வலி தெரிவதே இல்லை. வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால், வலி வரும்போது அது பாலிப் என்ற கட்டத்தைத் தாண்டியிருக்கலாம்.

காட்டும் அறிகுறிகளும் பாலிப் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். வலது பக்கத்தில், குடல்வால் இருக்கும் இடத்தில் தொடங்கும்போது உள்ளே இருப்பது கஞ்சி பதம்தான், இடது பக்கம் வந்து சேரச் சேர தண்ணீர் உறிஞ்சப்பட்டுக் கெட்டியாகும். அதனால் வலது பக்கப் பாலிப் ரத்தம் கசிந்தால் அது மலத்தோடு கலந்து கரைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் போய், கடைசியில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது, எந்நேரமும் அசதி, முகம் வெளுத்துப்போச்சு என்ற நிலையில் தெரியவரும். அப்போதும் சத்து இல்லை என்று சொல்லி பேரீச்சம்பழமும் டானிக்கும்தான் வாங்குவார்கள். 

இடது பக்கமோ மலக்குடலிலோ இருந்தால் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். சிவப்பாக, மலத்தின் மேல் கோடு போல, சில நேரம் சொட்டாக. சீதம் மாதிரி சளி போகலாம். போய் வந்த பிறகும் முழுசாகப் போகாத மாதிரி இருக்கலாம். ஒழுங்காக இருந்த வழக்கம் மாறி மூன்று நாலு வாரத்துக்கு மேல் மலச்சிக்கலோ பேதியோ மாறி மாறி நீடித்தால், அல்லது மலம் தொடர்ந்து மெலிந்து நாடா போல வந்தால் பார்த்துவிட வேண்டும். ஒருநாள் இரண்டுநாள் அப்படிப் போவதற்கெல்லாம் பயப்பட வேண்டாம், கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குக்கூட அது நடக்கும். பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்பாகும், இரும்புச்சத்து மாத்திரை போட்டால் கருப்பாகும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அபூர்வமாக, மலக்குடலில் பெரிதாகப் படர்ந்த, மேற்பரப்பு விரல் விரலாக நீண்டிருக்கும் வில்லஸ் வகைப் பாலிப் ஒன்று தண்ணீராகச் சளியைச் சுரந்து, உடம்பின் பொட்டாசியத்தையே இறக்கிவிடும். கை கால் தளர்ந்து வருபவருக்கு மூலகாரணம் குடலில் இருக்கும்.

இப்போது மூலத்துக்கு வருகிறேன். மூல ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, மலம் போன பிறகு சொட்டும், வலி பெரும்பாலும் இருக்காது. ஆசனவாய் வெடிப்பு என்றால் கண்ணாடித் துண்டால் கீறிய மாதிரி வலி இருக்கும். இதெல்லாம் சரிதான். ஆனால் மலக்குடலில் இருக்கும் பாலிப்பும் அப்படியே பளிச்சென்ற சிவப்பாகச் சொட்டும், வலியும் இருக்காது. நிறத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. அதைவிட முக்கியம், ஒருவருக்கு மூலமும் இருக்கலாம், அதற்கு ஒன்றரை அடி உள்ளே பாலிப்பும் இருக்கலாம். மூலம் இருப்பது உறுதியானதால் பாலிப் இல்லை என்று ஆகிவிடாது. 

ஒரு பஸ் கண்டக்டர் வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். நாலு வருடமாக மூலத்துக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கருணைக்கிழங்கு, துத்தி, லேகியம் எல்லாம் முடிந்து கடைசியில் மகள் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கருவியை உள்ளே விட்டதும் மூலம் இருந்தது, உண்மைதான். இன்னும் ஓரடி உள்ளே போனதும் திரையில் ஒரு காளான். நெல்லிக்காய் அளவு தலை, நீளமான காம்பு, தலையின் நுனி மட்டும் புண்ணாகிச் சிவந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கருவிக்குள்ளேயே ஒரு மெல்லிய கம்பி வளையம் போகும், அதைக் காம்பில் மாட்டி நான் மெதுவாக இறுக்க வேண்டும், கயிற்றில் சுருக்குப் போடுகிற மாதிரிதான். இறுகியதும் செக்கச்செவேல் என்றிருந்த தலை கண்ணெதிரே கருநீலமாக மாறும். ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று அர்த்தம். மின்சாரம் கொடுத்ததும் அறுந்து விழுந்தது. எல்லாம் சேர்த்து அரைமணி நேரம். பயாப்ஸியில், அதாவது எடுத்த சதையை ஆய்வகத்தில் பார்த்ததில், அடினோமா என்று வந்தது, செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, ஆனால் காம்பைத் தாண்டவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் இரண்டு மூன்று வருடம் லேகியத்திலேயே ஓட்டியிருந்தால் வேறு கதை.

இப்படிக் குழாய் வழியாகவே பெருங்குடல் பாலிப்பை அறுத்தெடுக்கும் முறையை 1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா என்ற ஜப்பானிய டாக்டர் வில்லியம் வோல்ஃப் என்பவரோடு சேர்ந்து கொண்டுவந்தார். அதற்கு முன்னால் மலக்குடலுக்கு மேலே இருக்கும் பாலிப்பை எடுக்க வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது. 1993இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, அடினோமாக்களை இப்படி எடுத்துவிட்டவர்களுக்குப் பிற்பாடு பெருங்குடல் புற்று வருவது எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்திருப்பதாகக் காட்டியது.

அறிகுறி இல்லாமலே ஒன்று எவ்வளவு பெரிதாக வளர முடியும் என்பதற்கு அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகனின் கதையைச் சொல்வேன். உலகிலேயே அதிகமாக டாக்டர்கள் சூழ்ந்திருந்த மனிதர்களில் ஒருவர். 1984 மே மாதம் அவருக்குக் குடலின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு பாலிப் இருந்தது, ஆபத்தில்லாதது. 1985 மார்ச்சில் இன்னொரு சிறு பாலிப், கூடவே மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம். அந்தச் சின்னப் பாலிப்பை எடுக்க ஜூலை 12 அன்று போனபோதுதான் முழு நீளத்துக்கும் உள்ளே பார்த்தார்கள். வலது கோடியில், குடலின் தொடக்கத்தில், சுமார் 5 செ.மீ. வளர்ச்சி இருந்தது. அடுத்த நாளே ஆபரேஷன், சுமார் இரண்டு அடி குடலை எடுத்தார்கள், அந்த எட்டு மணி நேரம் போல துணை ஜனாதிபதி புஷ் பொறுப்பில் இருந்தார். பரிசோதனையில் புற்று என்று வந்தது. அப்போது அவருக்கு வயது 74. அதன்பிறகு 2004 வரை வாழ்ந்தார். இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: கீழே ஒரு சின்னப் பாலிப் கிடைத்துவிட்டது என்று அங்கேயே நிறுத்தக் கூடாது, மேலே முழுவதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் அப்பாவின் வயிற்று ஸ்கேன் நார்மல் என்றீர்கள். அதனால் நிம்மதி அடைய வேண்டாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் குடலுக்குள் இருக்கும் பாலிப் தெரியாது, குடலில் காற்று இருக்கிறது, ஒலி அலை அதைத் தாண்டி ஒழுங்காகப் போகாது. கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் பார்க்க அது நல்லது. சிஇஏ என்ற, புற்றுநோய்க் குறியீட்டுக்கான ரத்தப் பரிசோதனையை எழுதுகிறார்கள், அதுவும் பாலிப்பைக் காட்டாது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், செக்கப் பேக்கேஜ் முழுக்கச் செய்து, எல்லாம் நார்மல் என்ற ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு ரத்தப் போக்கோடு நடமாடுபவர்கள். அந்த ஃபைலில் உள்ள 10.2 ஒன்றுதான் உண்மையைப் பேசுகிறது. ஆண்களுக்கு 13க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. மாதவிலக்கு இல்லாத ஒருவருக்கு, அதாவது ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும், இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை என்றால் ரத்தம் எங்கே போகிறது என்று தேடியே ஆக வேண்டும். உடம்பில் சேமித்த இரும்புச்சத்தைக் காட்டும் பெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் இரும்பு மாத்திரையை மட்டும் போட்டால் எண் ஏறும், கசிவு அப்படியே இருக்கும்.

மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஃபிட் பரிசோதனை நல்லது, சுலபம், சாப்பாட்டுப் பத்தியம்கூட வேண்டாம். ஜப்பானில் 1992 முதல் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வருடந்தோறும் இதைச் செய்கிறார்கள். ஆனால் அது அறிகுறி இல்லாதவர்களைச் சலித்தெடுக்க வந்த பரிசோதனை. ரத்தம் கசியாத பாலிப்பை அது தவறவிடும். கண்ணால் ரத்தத்தைப் பார்த்துவிட்ட உங்கள் அப்பா அதற்காக நிற்க வேண்டியதில்லை, நேராக கொலோனோஸ்கோபிதான்.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் எப்போது பார்க்க வேண்டும்? அமெரிக்காவில் 2021இல் அந்த வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். வருடம் ஒரு ஃபிட், அல்லது பத்து வருடத்துக்கு ஒரு கொலோனோஸ்கோபி. நம் நாட்டில் அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுக்குத்தான் பரிசோதனை, பெருங்குடலுக்கு இல்லை. அதனால் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள், நாமே கேட்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளை யாருக்காவது பெருங்குடல் புற்று வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முந்தியோ அப்போது தொடங்க வேண்டும். அத்தைக்கு 48 என்றால் கணக்கு 38 வயது; அத்தை தங்கை என்பதால் அவருக்கு நோய் தெரியும்போதே அப்பா அந்த வயதைத் தாண்டியிருப்பார், அதனால் தெரிந்த உடனேயே பார்த்திருக்க வேண்டியவர். யார் மேலும் குற்றம் இல்லை, அப்போது யாரும் சொல்லவில்லை. குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் வரும் குடும்பங்கள் உண்டு, அங்கே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையே பார்க்கத் தொடங்குவார்கள். உதட்டில் கரும்புள்ளிகளோடு குடலில் பாலிப் வரும் பியூட்ஸ் ஜெகர்ஸ் என்ற நோயும் குடும்ப வழி வருவதுதான். இரண்டு வயதிலிருந்து பத்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வலியில்லாமல் ரத்தம் வந்தால் அது பெரும்பாலும் ஒற்றை ஜுவனைல் பாலிப், எடுத்துவிட்டால் முடிந்தது, அதற்காகத் தாய்மார்கள் இரவெல்லாம் அழ வேண்டாம்.

கொலோனோஸ்கோபி எப்படி என்பதில்தான் அப்பா தயங்குவார் என்று நினைக்கிறேன். வலி இல்லை, தூக்க மருந்து கொடுப்பார்கள். கஷ்டமெல்லாம் முந்தின நாள்தான். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி, கேழ்வரகு, விதையுள்ள எதுவும் வேண்டாம். கொய்யா விதையும் தக்காளித் தோலும் கருவியின் உறிஞ்சு குழாயை அடைத்துக்கொண்டு, நாங்கள் சிரிஞ்சால் தண்ணீர் அடித்து அடித்து எடுப்போம், அந்த நேரமெல்லாம் குடலைப் பார்க்கும் நேரத்தில் கழிகிறது. இட்லி, வெள்ளைச் சாதம், வடிகட்டிய ரசம் போதும். முந்தின நாள் தெளிந்த திரவம் மட்டும், இளநீர், வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், பால் கலக்காத டீ. சிவப்பு நிற ஜூஸ் வேண்டாம், ரத்தம் மாதிரி தெரியும். பேதி பவுடர் கரைசலை இரண்டாகப் பிரித்து, பாதி முந்தின இரவும் பாதி அன்று அதிகாலையும் குடிக்கச் சொல்வார்கள். கடைசியில் வெளிர் மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும், அதில் துகள் இருந்தால் இன்னும் சுத்தமாகவில்லை. மிச்சம் வைத்துவிட்டுக் குடித்தேன் என்று சொல்பவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வையுங்கள். சுகர் மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் முன்னாலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது குடலுக்குள் கருப்பாகப் படிந்துவிடும்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு, ஆனால் குறைவு. குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோ நடக்கும். பாலிப் எடுத்த இடத்தில் ரத்தம் வருவது இரண்டு வாரம் வரை சாத்தியம், அதனால் அந்தச் சமயம் வெளியூர்ப் பயணமும் பளு தூக்குவதும் வேண்டாம், ரத்தம் வந்தால் உடனே திரும்பப் போக வேண்டும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கேளுங்கள்: குடல் சுத்தமாக இருந்ததா? சீக்கம் வரை, அதாவது வலது கோடி வரை போனார்களா? பாலிப் எத்தனை, எந்த இடம், எத்தனை மி.மீ., முழுசாக எடுத்தார்களா? இவை எழுதப்படாத ரிப்போர்ட் அரைகுறை. அடுத்தது பயாப்ஸி. அதில் என்ன வருகிறதோ அதை வைத்துத்தான் அடுத்த கொலோனோஸ்கோபி. ஒன்றிரண்டு சின்ன அடினோமா என்றால் ஏழு முதல் பத்து வருடம், 10 மி.மீ. அல்லது அதற்கு மேலோ, எண்ணிக்கை ஐந்தோ அதற்கு மேலோ, வில்லஸ் வகையோ என்றால் மூன்று வருடம். பாலிப்பைக் கரைக்கும் மருந்து, கஷாயம், ஜூஸ் எதுவும் கிடையாது. சிகரெட், மது, பதப்படுத்திய இறைச்சி இதையெல்லாம் குறைத்தால் புதிதாக வருவது குறையும், இருப்பது போகாது.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது: ரத்தம் கொட்டி மயக்கம் வந்தாலோ, வயிறு உப்பி காற்றும் மலமும் போகாமல் வாந்தி எடுத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வெட்கம்தான் பெரிய தடை, எனக்குத் தெரியும். மகன் கேட்டால் மழுப்புவார்கள், மனைவியிடம்கூட ரத்தத்தைச் சொல்லாத ஆண்களைப் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள், அந்த அறையில் பின்பக்கம் மட்டும் சிறிதாகத் திறந்திருக்கும் துணி கொடுப்பார்கள், மேலே போர்த்தியிருக்கும், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் போதும். நாங்கள் தினமும் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்ப்பவர்கள், எங்கள் கண் திரையில்தான் இருக்கும்.

கிளம்பும் முன் ஒரு வேலை. அத்தை வீட்டில் அவருடைய ஆபரேஷன் பயாப்ஸி ரிப்போர்ட் இருந்தால் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பதுக்குள் வந்த பெருங்குடல் புற்று என்பதால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற குடும்ப வழி நோயா என்று அந்தக் கட்டியிலேயே பரிசோதித்திருப்பார்கள், இல்லையென்றால் இப்போதும் கேட்கலாம். அப்படி உறுதியானால் அந்தக் குடும்பத்தில் அதே மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு 20, 25 வயதிலேயே தொடங்கி ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள், அதில் அத்தை பிள்ளைகளும் வரலாம், நீங்களும் வரலாம். அந்த நகலை அப்பாவின் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டோடு சேர்த்து, குடல் நோய் டாக்டரின் மேஜையில் முதலில் அதை வையுங்கள்.